சாவி, பட்டா, வக்காலத்து: போரில் சிக்கிய நாட்டுக்காகப் பேசும் உரிமை யாருக்கு?

போர் நடக்கும் ஒரு நாட்டைப் பற்றிப் பேச்சு வந்தால் சில வாக்கியங்கள் கட்டாயம் வந்து விழும். "அந்த நாட்டு மக்கள் விரும்புவது இதைத்தான்" என்பார் ஒருவர். "ஐ.நா.வே அவர்களைத்தானே ஏற்றுக்கொண்டிருக்கிறது" என்பார் அடுத்தவர். "நாடு இப்போது யார் கையில் இருக்கிறதோ, அவர்களிடம்தான் பேச முடியும்" என்று மூன்றாமவர் சொல்வார். "அங்கே இருந்து அனுபவித்தவர்கள் பேசட்டும், மற்றவர்கள் வாயை மூடுங்கள்" என்று நான்காமவர் கோபப்படுவார்.

நான்கு பேரும் நான்கு வேறு விஷயங்களைச் சொல்கிறார்கள். ஆனால் ஒரே விஷயத்தைச் சொல்வதாக நினைத்துக்கொண்டு மோதுகிறார்கள். நல்ல எண்ணம் உள்ளவர்கள்கூட இந்தக் குழப்பத்தில் மாட்டிக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன். இதில் பிசகினால் விளைவு வாய்ச்சண்டையோடு நிற்பதில்லை. மக்களைக் கொன்றவர்களே அந்த மக்களின் பெயரால் உலக சபையில் உட்கார்ந்த கதை நடந்திருக்கிறது. கம்போடியாவில் நடந்தது அது. அங்கே போவதற்கு முன்னால் நமக்குத் தெரிந்த இடத்திலிருந்து தொடங்கலாம்.

ஒரு வீடு, நான்கு பேர்

ஊரில் ஒரு வீடு. அந்தக் குடும்பத்துக்குப் பெரிய கஷ்டம் வந்து, எல்லோரும் ஆளுக்கொரு திசையில் சிதறிவிட்டார்கள். வீட்டைப் பற்றி முடிவெடுக்க வேண்டும். நான்கு பேர் வருகிறார்கள்.

முதல் ஆள், பழைய பூட்டை உடைத்துவிட்டுப் புதுப் பூட்டு போட்டவர். சாவி அவர் கையில் இருக்கிறது. உள்ளே போக வேண்டுமென்றால் அவரைக் கேட்காமல் முடியாது.

இரண்டாம் ஆளிடம் பட்டா இருக்கிறது. தாலுகா அலுவலகக் கணக்கில் அவர் பெயர். வீட்டுப் பக்கம் வந்து வருடக் கணக்காகியிருக்கலாம். ஆனால் அரசாங்கத்திலிருந்து ஒரு கடிதம் வந்தால் அவர் பெயருக்குத்தான் வரும்.

மூன்றாம் ஆள், "அந்தக் குடும்பமே என்னைப் பேசச் சொல்லியிருக்கிறது" என்கிறார். அவரிடம் கேட்க வேண்டியது வக்காலத்து. நீதிமன்றத்தில் வக்கீல் எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும், கட்சிக்காரர் கையெழுத்துப் போட்ட வக்காலத்து இல்லாமல் அவருக்காக ஆஜராக முடியாது. கொடுத்த வக்காலத்தைக் கட்சிக்காரர் திரும்பப் பெற்று வேறு வக்கீலிடமும் கொடுக்கலாம். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

நான்காம் ஆள் எதிர்வீட்டுப் பாட்டி. அன்று ராத்திரி நடந்ததைக் கண்ணால் பார்த்தவர். அவர் சாட்சி. வீட்டை விற்கவோ வாடகைக்கு விடவோ அவருக்கு உரிமை கிடையாது. ஆனால் நடந்ததைச் சொல்ல அவரைவிடத் தகுதியானவர் யாரும் இல்லை.

சாவி, பட்டா, வக்காலத்து, சாட்சி. அமைதியான நாட்டில் இந்த நான்கும் பெரும்பாலும் ஒரே இடத்தில் சேர்ந்திருக்கும். தேர்தலில் வென்ற அரசு நாட்டை ஆளும், உலகமும் அதை ஏற்கும், மக்களுக்குப் பிடிக்காவிட்டால் அடுத்த தேர்தலில் மாற்றுவார்கள். போர் வந்தால் நான்கும் பிரிந்துபோகின்றன. அப்போது ஒன்றை வைத்திருப்பவர் நான்கும் தன்னிடம் இருப்பதாகப் பேச ஆரம்பிக்கிறார்.

சாவி வைத்திருப்பவர்

ஒரு நாட்டின் தலைநகரம், சாலைகள், எல்லைச் சாவடிகள், வரிவசூல் இவையெல்லாம் உண்மையில் யார் பிடியில் இருக்கின்றனவோ, அதை நடைமுறைக் கட்டுப்பாடு என்கிறோம். ஆட்சி எப்படி வந்தது என்ற கேள்வி இதில் கிடையாது.

சாவிக்காரரிடம் பேசித்தான் ஆக வேண்டும். கோதுமை லாரி மலைப்பாதையைத் தாண்ட வேண்டும், போலியோ சொட்டு மருந்து கிராமத்துக்குப் போய்ச் சேர வேண்டும் என்றால், வழியில் துப்பாக்கியோடு நிற்பவனிடம் பேசாமல் என்ன செய்வது? அப்படிப் பேசுகிறவர்களைப் பார்த்து "அவர்களை ஏற்றுக்கொண்டுவிட்டீர்கள்" என்று குற்றம் சொல்வது தவறு. பேசுவது வேறு, ஏற்பது வேறு.

ஆப்கானிஸ்தான் இதற்கு நல்ல உதாரணம். தாலிபான்கள் 1996 செப்டம்பரில் காபூலைப் பிடித்து, பிறகு நாட்டின் பெரும்பகுதியைத் தங்கள் பிடிக்குக் கொண்டுவந்தார்கள். அவர்களை அரசாக ஏற்றவை பாகிஸ்தான், சவூதி அரேபியா, ஐக்கிய அரபு அமீரகம் என்ற மூன்று நாடுகள் மட்டும். ஐ.நா.வில் ஆப்கானிஸ்தான் என்று பெயர் எழுதிய இருக்கை, அவர்களுக்கு முன் ஆண்டு, வடக்கே ஒரு மூலைக்குத் தள்ளப்பட்ட ரப்பானி அரசிடமே இருந்தது. 2021 ஆகஸ்ட் 15-க்குப் பிறகு அதே காட்சி திரும்பியது. நாடு முழுவதும் தாலிபான்கள் வசம், ஐ.நா. இருக்கையில் விழுந்துபோன குடியரசு நியமித்த தூதரக அதிகாரிகள். தாலிபான் ஆட்சியை முறைப்படி ஏற்ற முதல் நாடு ரஷ்யா. அதுவும் 2025 ஜூலையில்தான்.

பட்டா எப்படிக் கிடைக்கிறது?

மற்ற நாடுகள் ஒரு தரப்பை "இதுதான் அந்த நாட்டின் அரசு" என்று ஒப்புக்கொள்வதை அங்கீகாரம் என்கிறோம். இதை ஒவ்வொரு நாடும் தனித்தனியாக முடிவு செய்கிறது. ஐ.நா. எந்த அரசையும் அங்கீகரிப்பதில்லை. இதுதான் பலருக்கும் தெரியாத விஷயம்.

அப்படியானால் ஐ.நா. என்ன செய்கிறது? இருக்கையில் யார் உட்காருவது என்பதை மட்டும் பார்க்கிறது. ஒவ்வொரு நாடும் தன் பிரதிநிதிகளின் பெயரை எழுதி, நாட்டுத் தலைவரோ பிரதமரோ வெளியுறவு அமைச்சரோ கையெழுத்திட்ட கடிதம் ஒன்றை அனுப்ப வேண்டும். அதற்கு நியமனச் சான்று என்று பெயர் வைத்துக்கொள்வோம். பொதுச்சபை ஆண்டுதோறும் அமைக்கும் ஒன்பது நாடுகள் கொண்ட குழு அந்தச் சான்றுகளைச் சரிபார்க்கும். பெரும்பாலும் யாரும் கவனிக்காத வேலை இது. ஒரே நாட்டின் பெயரில் இரண்டு கடிதங்கள் வந்தால்தான் சிக்கல்.

அப்போது குழு அடிக்கடி செய்வது, முடிவைத் தள்ளிப்போடுவது. தள்ளிப்போட்டால் ஏற்கெனவே உட்கார்ந்திருப்பவர் தொடர்வார். மியான்மரில் 2021 பிப்ரவரி 1-ம் தேதி ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. அதே மாதம் 26-ம் தேதி, ஐ.நா.வில் அந்நாட்டின் தூதர் சோ மோ துன் பொதுச்சபையில் ராணுவத்தை எதிர்த்துப் பேசிவிட்டு, மியான்மர் இளைஞர்கள் தெருவில் காட்டிக்கொண்டிருந்த மூன்று விரல் வணக்கத்தைக் காட்டினார். ராணுவம் அவரைப் பதவிநீக்கம் செய்தது. அவர் இருக்கையை விட்டு எழவில்லை. குழு தள்ளிப்போட்டுக்கொண்டே போனதால், ஆண்டுகள் கடந்தும் அங்கேயே தொடர்ந்தார்.

சில சமயம் தாமதம் நியாயத்தின் பக்கம் விழும், சில சமயம் அநியாயத்தின் பக்கம். உள்நாட்டுப் போரில் தோற்றுத் தைவானுக்கு ஓடிப்போன சியாங் கை ஷேக்கின் அரசு 1949-லிருந்து 1971 வரை, 22 ஆண்டுகள், ஐ.நா.வில் மொத்தச் சீனாவின் பெயரில் உட்கார்ந்திருந்தது.

சிரியாவில் இன்னும் வேடிக்கையான ஒரு நிலை வந்தது. 2012 டிசம்பரில் மொராக்கோவின் மராகேஷ் நகரில் கூடிய நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகள், அதிபர் அசாத்தை எதிர்த்த கூட்டணியைச் சிரிய மக்களின் நியாயமான பிரதிநிதி என்று ஏற்றன. அடுத்த மார்ச்சில் அரபு லீக் தன் உச்சி மாநாட்டில் சிரியாவின் இருக்கையையே அவர்களுக்குக் கொடுத்தது. ஐ.நா. இருக்கையோ அசாத் அரசிடமே இருந்தது. "மக்களின் பிரதிநிதி" என்ற சொல் அரசியல் ஆதரவு. "அரசு" என்ற சொல்லுக்குத்தான் கடவுச்சீட்டும் தூதரகமும் ஒப்பந்தக் கையெழுத்தும் உண்டு.

ஆக, "ஐ.நா. ஏற்றுக்கொண்டது" என்றால் ஒரு கடிதத்தை மறுக்கவில்லை என்றுதான் பொருள். பட்டா மட்டும் சொத்துரிமைக்கு முழு ஆதாரம் ஆகாது என்று நம் நீதிமன்றங்கள் எத்தனையோ முறை சொல்லியிருக்கின்றன. இதுவும் அப்படித்தான். மக்கள் சம்மதம் அந்தக் கடிதத்தில் எங்குமே கேட்கப்படுவதில்லை.

கம்போடியா: கொன்றவர்களிடமே பட்டா

1975 ஏப்ரல் 17-ல் கெமர் ரூஜ் என்ற கம்யூனிஸ்ட் இயக்கம் தலைநகர் புனோம் பென்னைப் பிடித்தது. நகரத்து மக்கள் முழுவதையும், ஆஸ்பத்திரியில் கிடந்த நோயாளிகள் உட்பட, வயல்வெளிக்கு விரட்டியது. மூன்று வருடம், எட்டு மாதம், இருபது நாள். போல் பாட் தலைமையிலான அந்த ஆட்சியில் பட்டினி, நோய், கடும் உழைப்பு, கொலை எல்லாம் சேர்ந்து சுமார் 17 லட்சம் பேர் செத்தார்கள். ஐந்தில் ஒருவருக்கும் மேல். அந்தக் காலத்தைக் கடந்து வந்த கம்போடியர்களில் வீட்டில் சாவு விழாதவர்களைப் பார்ப்பது அரிது.

அந்த ஆட்சியை முடித்தது வியட்நாம் படை. 1979 ஜனவரி 7-ல் புனோம் பென் விழுந்தது. வியட்நாமின் ஆதரவோடு ஹெங் சம்ரின் தலைமையில் புதிய அரசு அமைந்தது. சாவி அவர்களிடம் வந்துவிட்டது. போல் பாட்டின் ஆட்கள் தாய்லாந்து எல்லைக் காடுகளுக்கு ஓடினார்கள்.

அந்த செப்டம்பரில் ஐ.நா. பொதுச்சபை கூடியபோது இரண்டு கடிதங்கள் வந்தன. குழு 6-க்கு 3 என்று கெமர் ரூஜ் தரப்பை ஏற்றது. சபையில் வாக்கெடுப்பு நடந்தது: ஆதரவு 71, எதிர்ப்பு 35, நடுநிலை 34. இருக்கையைக் காலியாக விடலாம் என்ற யோசனையும் வந்தது, எடுபடவில்லை. போல் பாட் அரசின் தூதர் தியூன் பிரசித் நியூயார்க்கில் தன் இடத்திலேயே தொடர்ந்தார்.

எப்படி மனம் வந்தது என்று கேட்கத் தோன்றும். ஒரு பக்கம் பனிப்போர். வியட்நாமுக்குப் பின்னால் சோவியத் யூனியன் இருந்தது. அதைப் பிடிக்காத சீனாவும் அமெரிக்காவும் தென்கிழக்கு ஆசிய நாடுகளும் மறுபக்கம் நின்றன. இன்னொரு பக்கம் ஒரு கொள்கை வாதமும் இருந்தது: வெளிநாட்டுப் படை புகுந்து அமைத்த அரசை இன்று ஏற்றால், நாளை எந்தப் பலவான் நாடும் பக்கத்து நாட்டில் இதையே செய்யும். இதை வெறும் சாக்கு என்று ஒதுக்கிவிட முடியாது. வியட்நாம் படை 1989 வரை கம்போடியாவை விட்டுப் போகவில்லை, புதிய அரசையும் மக்கள் யாரும் தேர்ந்தெடுக்கவில்லை. ஆனால் அந்தக் கவலைக்கு மருந்தாக இருக்கையைக் கொலைகாரர்களிடம் கொடுத்திருக்க வேண்டியதில்லை. 1979 டிசம்பரில் பிரிட்டன் போல் பாட் அரசுக்குக் கொடுத்த அங்கீகாரத்தைத் திரும்பப் பெற்றது, அதற்காக ஹெங் சம்ரின் அரசையும் ஏற்கவில்லை. இரண்டும் வேண்டாம் என்று சொல்ல வழி இருந்தது. இந்தியா 1980 ஜூலையில் ஹெங் சம்ரின் அரசை ஏற்றது. சோவியத் அணிக்கு வெளியே அப்படிச் செய்த நாடுகள் மிகக் குறைவு.

1982-ல் கெமர் ரூஜின் பெயர் உறுத்தியதால், புனோம் பென் அரசை எதிர்த்த வேறு இரண்டு குழுக்களோடு அதை ஒரு கூட்டணிக்குள் வைத்தார்கள். முன்னாள் மன்னர் சிஹானூக் தலைவர், சோன் சான் பிரதமர். வெளியுறவுப் பொறுப்பு கெமர் ரூஜின் கியூ சம்பானிடம். அதாவது உலகத்தோடு பேசும் வேலை அவருக்கு. இந்தப் பெயரை நினைவில் வையுங்கள்.

இதற்கு விலை கொடுத்தவர்கள் நாட்டுக்குள் இருந்த மக்கள். பட்டா இல்லாத அரசு என்பதால் ஐ.நா.வின் வளர்ச்சி உதவி புனோம் பென்னுக்குப் போகவில்லை. பஞ்சத்திலிருந்து எழுந்து வந்த ஒரு நாடு பத்து வருடங்களுக்கு மேல் அப்படிக் கிடந்தது.

முகாமில் அரிசி

தாய்லாந்து எல்லையில் நடந்ததையும் சொல்ல வேண்டும். மக்களின் பிரதிநிதி என்று சொல்லிக்கொள்ள மக்கள் வேண்டுமே! லட்சக்கணக்கான கம்போடியர்கள் எல்லையில் மூங்கிலும் கீற்றும் வைத்துக் கட்டிய முகாம்களில் இருந்தார்கள். தளம் 2 என்ற முகாமில் மட்டும் ஒன்றரை லட்சம் பேர் அளவுக்கு நெருக்கி இருந்தார்கள். அது சோன் சான் தரப்பின் பிடியில். தளம் பி சிஹானூக் தரப்புக்கு, தளம் 8 கெமர் ரூஜுக்கு. ஒவ்வொரு ஆயுதக் குழுவும் தன் முகாமைக் காட்டி "இவர்கள் எங்கள் மக்கள்" என்றது.

உணவு கொடுத்த ஐ.நா. அதிகாரிகளுக்கு ஒரு பயம்: அரிசி சிப்பாய்களின் வயிற்றுக்குப் போய்விடுமோ? அதனால் பல ஆண்டுகள் முகாம்களில் பெண்களையும் சிறுமிகளையும் மட்டும் வரிசையில் நிறுத்தி, தலையை எண்ணி அரிசி அளந்தார்கள். வீட்டு ஆண்களின் பங்கும் அதற்குள் அடக்கம். வெயிலில் உட்கார்ந்து தன் பங்கு அரிசியை வாங்கிய ஒரு பெண் அன்றைக்கு இரண்டு கணக்கில் வந்தாள். ஐ.நா.வின் கணக்கில் ஒரு வாய். முகாமை நடத்தியவர்களின் கணக்கில் ஓர் ஆதரவாளர். உனக்கு யார் பேச வேண்டும் என்று அவளை யாரும் கேட்கவில்லை. அவள் அங்கே இருந்ததே சம்மதமாக எழுதப்பட்டது.

ஆகவே, ஒரு குழுவின் பிடியில் மக்கள் இருப்பதாலேயே அவர்கள் அந்தக் குழுவின் பின்னால் நிற்பதாக ஆகாது. வெளியே போக வழி இல்லாதவர்களின் மௌனத்தை வைத்து எந்த முடிவுக்கும் வர முடியாது.

வக்காலத்து: கொடுத்ததைத் திரும்பப் பெற முடியுமா?

"யாரைக் கேட்டு எனக்கு வக்காலத்து வாங்குகிறாய்?" என்று வீட்டில்கூடக் கேட்கிறோம். அந்தக் கேள்விதான் இங்கே மையம். மக்கள் தங்களுக்காகப் பேசும் பொறுப்பை ஒருவரிடம் ஒப்படைப்பதை மக்கள் ஆணை என்கிறோம். இதற்குச் சிறந்த வழி தேர்தல். போர்க்காலத்தில் அது பெரும்பாலும் முடியாது. ஊர்ச் சபைகள், பழங்குடிப் பெரியவர்களின் கூட்டங்கள், தொழிற்சங்கங்கள், பெண்கள் அமைப்புகள் வழியாகவும் அரைகுறையாகவேனும் ஆணை வரலாம். எந்த வழியில் வந்தாலும் நான் பார்ப்பது ஒன்றைத்தான்: கொடுத்தவர்கள் அதைத் திரும்பப் பெற முடியுமா? "இனி நீ எனக்காகப் பேச வேண்டாம்" என்று சொன்னவர் மறுநாள் உயிரோடு இருப்பாரா? இருக்க மாட்டார் என்றால் அங்கே வக்காலத்து இல்லை, பிணைக்கைதிதான் இருக்கிறார்.

இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால் "ஏகப் பிரதிநிதி" என்ற சொல் கூர்மையாகத் தெரியும். ஒரு மக்கள் கூட்டத்துக்காகப் பேச ஒரே ஓர் அமைப்புக்குத்தான் உரிமை, வேறு யாருக்கும் இல்லை என்ற உரிமைகோரல் அது. 1974-ல் ரபாத் நகரில் கூடிய அரபுத் தலைவர்கள் பாலஸ்தீன விடுதலை இயக்கத்தை அப்படி அறிவித்தார்கள். 1976-ல் ஐ.நா. பொதுச்சபை நமீபியாவின் விடுதலைக்குப் போராடிய ஸ்வாப்போ இயக்கத்தை அப்படி ஏற்றது. எதிரில் இருப்பவன் "உங்களில் யாரிடம் பேசுவது?" என்று கேட்டு நழுவும்போது, ஒரே குரலில் பேசுவதற்கு ஒரு தேவை இருக்கத்தான் செய்கிறது.

தமிழர்களுக்கு இந்தச் சொல் புதிதல்ல. 1985-ல் திம்புப் பேச்சுவார்த்தைக்கு ஈழத் தமிழர் தரப்பில் ஆறு அமைப்புகள் போயின, நான்கு கோரிக்கைகளை ஒன்றாக முன்வைத்தன. 2004 தேர்தலில் தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு விடுதலைப் புலிகளையே ஏகப் பிரதிநிதிகள் என்று ஏற்று வாக்குக் கேட்டு, 22 இடங்களில் வென்றது. அந்த வாக்குகளுக்குப் பின்னால் உண்மையான உணர்வு இருந்தது. அந்த இருபது வருடங்களில் மாற்றுக் குரல்கள் துப்பாக்கியால் அடக்கப்பட்டதும் உண்மை. அதே வடக்கு-கிழக்கில் வாழும் தமிழ் பேசும் முஸ்லிம்கள் தங்களுக்குப் பேச்சுவார்த்தையில் தனித் தரப்பு வேண்டும் என்று கேட்டதும் உண்மை. மூன்றையும் ஒன்றாகச் சொல்லத் தயங்குகிறோம். ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டால் அங்கிருந்த மக்களின் நிலைமை புரியாது.

வக்காலத்தே இல்லாமல் அடுத்தவர் பெயரில் கையெழுத்திடுவது இன்னொரு வகை. 1987 ஜூலை 29-ல் கொழும்பில் இந்திய-இலங்கை ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவர்கள் ராஜீவ் காந்தியும் ஜெயவர்த்தனவும். ஒப்பந்தம் யாருடைய பிரச்சினையைப் பற்றியதோ, அந்தத் தமிழர்களின் கையெழுத்து அதில் இல்லை. 2020 பிப்ரவரி 29-ல் தோஹாவில் அமெரிக்காவும் தாலிபானும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில் 5,000 தாலிபான் கைதிகள் வரை விடுவிக்கப்படுவார்கள் என்று ஒரு ஷரத்து இருந்தது. கைதிகள் இருந்ததோ காபூல் அரசின் சிறைகளில். காபூல் அரசு அந்த ஒப்பந்தத்தில் ஒரு தரப்பே இல்லை. அவர்கள் முதலில் மறுத்தார்கள், பிறகு அழுத்தம் தாங்காமல் விட்டார்கள்.

கம்போடியர்களைக் கேட்டபோது

சரி, கம்போடியாவுக்குத் திரும்புவோம். 1991 அக்டோபர் 23-ல் பாரிஸில் அமைதி ஒப்பந்தம் ஆனது. இருக்கைச் சண்டைக்கு அதில் ஒரு புத்திசாலித்தனமான வழி கண்டிருந்தார்கள். புனோம் பென் அரசும் மூன்று எதிர்ப்புக் குழுக்களும் சேர்ந்த ஒரு தேசியச் சபையிடம், தேர்தல் முடியும்வரை நாட்டின் இறையாண்மை இருக்கும் என்றார்கள். பட்டாவை யாரிடமும் கொடுக்காமல் ஒரு பொதுப் பெட்டியில் போட்டுப் பூட்டிய மாதிரி.

அந்தச் சபையில் கெமர் ரூஜ் சார்பில் உட்கார வந்தவர் கியூ சம்பான். நவம்பர் 27-ல் புனோம் பென்னில் இறங்கிய சில மணி நேரத்தில் அவர் தங்கிய வீட்டைக் கூட்டம் சூழ்ந்தது. கதவை உடைத்து உள்ளே புகுந்தார்கள். தலையில் ரத்தம் வழிய அவரை மீட்டு, அன்றே விமானம் ஏற்றி அனுப்பிவிட்டார்கள். மக்களின் உண்மையான குரல் அதுதான் என்று சொல்ல ஆசையாக இருக்கிறது. ஆனால் கூட்டத்தை ஆட்சியில் இருந்தவர்களே தூண்டிவிட்டார்கள் என்ற சந்தேகமும் அப்போதே எழுந்தது. தெருவில் திரண்ட கோபத்தைக்கூட அப்படியே மக்கள் ஆணை என்று எழுதிவிட முடியாது.

அப்புறம் ஐ.நா.வின் இடைக்கால நிர்வாகம் வந்தது. ராணுவம், போலீஸ், அதிகாரிகள் என்று சுமார் 22,000 பேர். எல்லை முகாம்களிலிருந்து 3,60,000-க்கும் மேற்பட்டவர்கள் ஊர் திரும்பினார்கள். சுமார் 47 லட்சம் பேர் வாக்காளராகப் பதிந்தார்கள். ஐ.நா. ஒரு வானொலி நிலையமே நடத்தியது. அதில் அலுக்காமல் திரும்பத் திரும்பச் சொன்ன செய்தி: உங்கள் வாக்கு ரகசியம். மிரட்டி உங்களை ஒரு கட்சியில் சேர்த்திருந்தாலும், சத்தியமே வாங்கியிருந்தாலும், பெட்டிக்கு முன்னால் நீங்கள் விரும்பியவருக்குப் போடலாம். சத்தியத்துக்குப் பயப்படும் ஒரு விவசாயிக்கு இதைச் சொல்ல வேண்டிய அவசியம் இருந்தது. வக்காலத்தை மாற்றலாம் என்று முதன்முதலாக அவரிடம் சொன்னது அந்த ரேடியோ.

1993 மே 23 முதல் 28 வரை வாக்குப்பதிவு. கெமர் ரூஜ் புறக்கணித்து மிரட்டியது. ஆனாலும் பத்தில் ஒன்பது பேர் வந்து வாக்களித்தார்கள். 120 இடங்களில் சிஹானூக்கின் மகன் ரணரித் தலைமையிலான கட்சி 58, புனோம் பென் அரசின் பிரதமராக இருந்த ஹுன் சென்னின் கட்சி 51.

கதை இங்கே முடிந்தால் நன்றாக இருந்திருக்கும். தோற்றவர்களிடம் ராணுவமும் போலீசும் நிர்வாகமும் இருந்தன. அவர்கள் சாவியைக் கொடுக்க மறுத்தார்கள். கடைசியில் ஒரு நாட்டுக்கு இரண்டு பிரதமர்கள் என்று சமாதானம் ஆனது. 1997 ஜூலையில் இரண்டாம் பிரதமர் ஹுன் சென் முதல் பிரதமர் ரணரித்தைத் துப்பாக்கி பலத்தால் விரட்டினார். அந்த ஆண்டும் ஐ.நா.வுக்கு இரண்டு கடிதங்கள் போயின. இந்த முறை இருக்கையைக் காலியாகவே விட்டார்கள். 1979-ல் முடியாது என்று சொன்னது 1997-ல் முடிந்தது. வக்காலத்து கையில் இருந்தும் சாவி இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு இது ஒரு பாடம்.

சாட்சிகள்

இனி நான்காம் ஆள். அகதிகள், புலம்பெயர்ந்தவர்கள், பத்திரிகையாளர்கள், மருத்துவர்கள், துறவிகள். இவர்கள் பேசினால் "உன்னை யார் தேர்ந்தெடுத்தார்கள்?" என்று வாயை அடைக்கிறார்கள். சாட்சியை யாரும் தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை. பார்த்ததைப் பார்த்தேன் என்று சொல்ல ஆணை எதுவும் தேவையில்லை. அந்த உரிமையை எந்த அரசும் கொடுக்கவில்லை, பறிக்கவும் முடியாது. ஒரு எல்லை மட்டும் உண்டு: "எனக்கு இது நடந்தது" என்பது சாட்சியம், "எங்கள் மக்கள் எல்லோரும் இதை விரும்புகிறார்கள்" என்று தொடரும்போது பேச்சு வக்காலத்துப் பக்கம் தாண்டிவிடுகிறது. வெளிநாட்டில் பாதுகாப்பாக இருப்பவர்கள் இந்த எல்லையை இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டும். போர் தொடர்ந்தால் சாகப்போவது அவர்கள் பிள்ளைகள் அல்ல. அதேசமயம், ஊரில் இருப்பவர்கள் பயந்து சொல்லாததைச் சொல்லக்கூடியவர்களும் அவர்கள்தான்.

சாட்சிகளை வெளியே நிறுத்தும் பழக்கம் இன்னும் போகவில்லை. ஆப்கன் தரப்புகள் 2020 செப்டம்பரில் தோஹாவில் உட்கார்ந்தபோது, குடியரசின் 21 பேர் குழுவில் நான்கு பெண்கள் இருந்தார்கள். தாலிபான் குழுவில் ஒருவரும் இல்லை. 2024 ஜூன் கடைசியில் ஐ.நா. அதே தோஹாவில் கூட்டிய சந்திப்பின் முதன்மை அமர்வுகளில் தாலிபான்கள் இருந்தார்கள். ஆப்கன் பெண்கள் அமைப்புகளுக்கு இடம் இல்லை. அவர்களைத் தனியாக, பிறகு சந்தித்தார்கள். பள்ளிக்கூடமும் வேலையும் பறிபோனது யாருக்கோ, அவர்கள் அறைக்கு வெளியே.

கம்போடியாவில் 1992-ல் மகா கோசானந்தா என்ற பௌத்தத் துறவி, முகாம்களில் இருந்த அகதிகளைச் சேர்த்துக்கொண்டு தாய்லாந்து எல்லையிலிருந்து புனோம் பென் வரை நடந்தார். கண்ணிவெடிகள் புதைந்த நாடு. வழியெங்கும் கிராமத்தார் தண்ணீர்ப் பாத்திரத்தோடு நின்றார்கள். பதினைந்து, இருபது வருடங்களாகப் பார்க்காத சொந்தக்காரர்களைச் சிலர் அந்த நடையில் கண்டுபிடித்தார்கள். எந்தக் குழுவின் சார்பாகவும் அவர் நடக்கவில்லை.

பல வருடங்கள் கழித்து, புனோம் பென்னுக்கு வெளியே ஐ.நா. உதவியோடு ஒரு சிறப்பு நீதிமன்றம் அமைந்தது. அங்கே ஒரு புதிய ஏற்பாடு இருந்தது. பாதிக்கப்பட்டவர்களே வழக்கில் ஒரு தரப்பாகச் சேரலாம். கியூ சம்பான் மீதான வழக்கில் 3,800-க்கும் மேற்பட்டவர்கள் அப்படிச் சேர்ந்தார்கள். விவசாயிகள், தையல்காரர்கள், ஆசிரியர்கள். அவர்களில் சிலர் ஒருவர் பின் ஒருவராக எழுந்து செத்துப்போன புருஷன் பெயரையும் பிள்ளைகள் பெயரையும் சொன்னார்கள். 1982-ல் அவர்கள் நாட்டுக்காக உலகத்தோடு பேசும் பொறுப்பைப் பெற்ற மனிதர், எண்பது வயதைத் தாண்டி, அதே அறையில் உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருந்தார். 2018 நவம்பர் 16-ல் இனப்படுகொலைக் குற்றத்துக்காக அவருக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. அவருடைய மேல்முறையீடு 2022 செப்டம்பரில் தள்ளுபடி ஆனது.